தெருவில் நடக்கும் உரிமையும் தெருவுக்குப் பெயரிடும் உரிமையும்

(பாலசமுத்திரத்தில் நிகழ்த்திய இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா இரட்டைமலையார் பெயரில் பேச அழைத்தபோது வட்டமேசை மாநாட்டைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் தெருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவரும் தெருவைப் பற்றிப் பேசியவர்தான்.

1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதுவானாலும் எந்த வகுப்பாரும் தடையின்றிப் போகலாம், வரலாம், பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதை ஏற்று 1924 செப்டம்பர் 25 அன்று அரசாணை எண் 2660 வந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக வைக்கத்தில் மக்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டு அது. வைக்கம் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்த அரசாணை எத்தனை பேர் படித்த பாடத்தில் இருந்தது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சரி, இறக்கிவிடுங்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1922இல், எம்.சி. ராஜா அதே மன்றத்தில் வேறொன்று கேட்டார். அரசு ஆவணங்களில் எங்களை இழிபெயரால் எழுதாதே, ஆதிதிராவிடர் என்று எழுது என்றார். அதற்கும் ஆணை வந்தது. ஆக, நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் பெயரைக் கேட்டார்கள், தெருவையும் கேட்டார்கள். தெருவுக்குப் பெயர் வைக்கும் உரிமை மட்டும் இன்னும் நம் கைக்கு வரவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. கல்லூரி முடித்து ஒரு வேலைக்கு நேர்முகம் போனேன். மதிப்பெண்ணைப் பார்த்தார்கள், திருப்தி. விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, காலனியா?" என்று கேட்டார். அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை. அரசு கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு அரசே வைத்த பெயர் அது. நகரத்தில் வங்கி ஊழியர் காலனி என்றால் கௌரவம். கிராமத்தில் வெறும் காலனி என்றால் அது சாதிச் சான்றிதழ்.

2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். அக்டோபரில் தெரு, சாலை, நீர்நிலை, குடியிருப்பு ஆகியவற்றிலுள்ள சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வந்தது. வள்ளுவர், ஔவையார், காமராசர், பெரியார் என்று தலைவர், புலவர் பெயர்களைச் சொன்னதோடு, பூக்களின் பெயரையும் வைக்கலாம் என்றார்கள். அதே அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். அதற்கு ஜி.டி. நாயுடு பெயர். கேட்டால், அது சாதியல்ல, அவர் அறியப்பட்ட பெயரின் பகுதி என்றார்கள். அந்த விஞ்ஞானி மீது எனக்கு மரியாதை உண்டு. ஒருவருக்குப் பெயரின் பகுதி, இன்னொருவருக்கு அழிக்க வேண்டிய கறை என்று பிரிக்கும் கை யாருடையது என்பதுதான் கேள்வி.

இது முதல்முறையும் அல்ல. பெரியார் நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே தெருப் பெயர்களில் சாதியை நீக்க ஆணை வந்தது. பலகையில் வாலை மட்டும் வெட்டினார்கள். தெருவில் யார் வீடு வாங்கலாம், யார் வாடகைக்கு இருக்கலாம் என்பது அப்படியே இருந்தது. சாதிப் பெயரே இல்லாத கீழத்தெரு, தெற்குத்தெரு என்று சொன்னாலும் ஊருக்குத் தெரியாதா? திசையே சாதியாகிவிட்ட நாடு இது.

ஆனால் பெயரில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் 1997ஐச் சொல்லுங்கள். நம் மாவட்டமே ஒரு காலத்தில் திண்டுக்கல் அண்ணா மாவட்டம், இன்னொரு காலத்தில் திண்டுக்கல் காயிதே மில்லத் மாவட்டம். திண்டுக்கல்லிலிருந்து ஓடிய அரசுப் பேருந்தில் ராணி மங்கம்மாள் என்று எழுதியிருக்கும். இங்குள்ள பெரியவர்கள் அதில் பழனிக்கும் மதுரைக்கும் போயிருப்பீர்கள். கோவைப் பக்கம் சேரன், ஈரோட்டில் ஜீவா, திருச்சியில் தீரன் சின்னமலை, நெல்லையில் கட்டபொம்மன். யாரும் எதிலும் ஏற மறுக்கவில்லை. 1997 மே மாதம் விருதுநகரில், கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். அரசன் பெயரில் ஏறியவர்கள் தளபதி பெயரில் ஏறமாட்டோம் என்றார்கள், அவர் தேவேந்திர குலத்தவர் என்பதற்காக. தென்மாவட்டங்கள் எரிந்தன. ஜூலையில் அரசு என்ன செய்தது? மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த எல்லாத் தலைவர் பெயரையும் ஒரே அடியாக நீக்கியது. வேலூர்ப் பக்கம் அண்ணல் பெயரில் இருந்த வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமும் அதோடு போனது. ஒரு தலித் பெயரைச் சகிக்க முடியாதவர்களைச் சமாதானப்படுத்த எல்லாப் பெயரையும் அழித்ததற்கு இங்கே நடுநிலை என்று பெயர்.

அந்த ஜூன் 30 அன்றுதான் மேலவளவு முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பேருந்தை மறித்து வெட்டப்பட்டார்கள். ஊராட்சித் தலைவர் என்ற பெயரை ஒரு தலித் தாங்கியதுதான் குற்றம்.

மராத்வாடாவையும் மறக்க வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு அண்ணல் பெயரை வைக்க மகாராட்டிரச் சட்டமன்றம் 1978 ஜூலை 27 அன்று தீர்மானம் போட்டது. சேரிகள் கொளுத்தப்பட்டன. பெயர்ப்பலகை ஏறியது 1994 ஜனவரி 14 அன்று. ஒரு பெயருக்குப் பதினாறு ஆண்டு!

ஆகவே பூப்பெயர் யோசனையை நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். மல்லிகைத் தெரு யாரையும் உறுத்தாது. அதுதான் அதன் குறை. இன்னொன்றையும் நமக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்பேத்கர் நகர் என்று நாமே நம் குடியிருப்புக்கு வைத்துக்கொண்டோம். சரிதான், பெருமைதான். ஆனால் பல ஊர்களில் அந்தப் பெயரும் காலனி போலவே ஓர் அடையாளச் சீட்டாகிவிட்டது. சிலையைக் கூண்டுக்குள் வைத்ததுபோல் பெயரையும் நம் எல்லைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அரசமைப்புச் சட்டம் எழுதியவர் பெயர் கடைவீதிக்கும் பேருந்து நிலையச் சாலைக்கும் ஏன் வரக்கூடாது?

நான் சொல்ல வந்த யோசனை, பெயரோடு தேதியையும் கேட்போம் என்பது. டெல்லியில் காந்தி சுடப்பட்ட வீடு இருக்கும் சாலைக்கு, ஜனவரி 30 சாலை என்ற பொருளில், தீஸ் ஜனவரி மார்க் என்று பெயர். அர்ஜென்டினாவின் தலைநகரில் மிக அகலமான சாலைக்கு ஜூலை 9 என்று பெயர், அவர்களது விடுதலை நாள். நமக்குத் தேதிகள் குறைவா? டிசம்பர் 25 ஒன்று போதாதா? 1927இல் மகாடில் அண்ணல் தலைமையில் மனுஸ்மிருதி எரிந்த நாள். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட நாள். தலைவர் பெயருக்குச் சாதி தேடுவார்கள். தேதிக்கு என்ன சாதி தேடுவார்கள்? (தேடினாலும் தேடுவார்கள்.) "அது என்ன தேதி?" என்று தெருவில் போகும் பிள்ளை கேட்டால், யாராவது வரலாற்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

தபால்காரர் திணறுவார் என்று ஒரு தோழர் சிரித்தார். பின்கோடைப் படிப்பவருக்குத் தேதி படிக்க வராதா? உண்மையான சிரமம் வேறு. ஆதார், குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் அத்தனையிலும் முகவரி மாற வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கப் போவது நம் அம்மாக்களும் அக்காமார்களும்தான். பெயரை மாற்றும் அரசு, அந்தத் திருத்தத்தைக் கட்டணமின்றித் தெருவுக்கே வந்து செய்துதர வேண்டும். இதைக் கேட்காமல் பெயரை மட்டும் கேட்டால் நம் வீட்டுப் பெண்களே நம்மைத் திட்டுவார்கள். திட்டட்டும், நியாயம்தான்.

பாலசமுத்திரம் பேரூராட்சி. இங்கே மன்றத் தீர்மானம் இல்லாமல் ஒரு தெருவின் பெயரும் மாறாது. மாணவர்கள் ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். ஊரின் பொதுச் சாலை ஒன்றுக்கு "செப்டம்பர் 25 சாலை" என்று பெயர் வைக்க வேண்டும், பலகையின் கீழே அரசாணை எண்ணையும் ஆண்டையும் எழுத வேண்டும் என்று கேட்கிறார்கள். எந்தச் சாலை என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள். அதைக் கூடிப் பேசி நிரப்புங்கள், நம் தெருவை மட்டும் எழுதாதீர்கள். படிகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. கையெழுத்துப் போடுகிறவர்கள் வார்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.