தானாக ஓடும் காரும் ஓட்டுநரின் கண்களும்

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று சிரம்பான், நீலாய் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். சொந்தக் காரும் வாங்குகிறார்கள். 2020இல் வந்த புரோட்டோன் எக்ஸ் 50, 2021இல் வந்த பெரோடுவா அத்திவா ஆகியவற்றின் உயர்ந்த ரகங்களில் ஒரு வசதி உண்டு. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப கார் தானே வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கோட்டுக்குள் நிற்கவும் உதவும். 2023 முதல் டெஸ்லா கார்களும் நம் நாட்டில் விற்பனையாகின்றன. இவற்றைக் கண்டு, "கார் தானாக ஓடுகிறது" என்று பேசிக்கொள்கிறோம். அது முழு உண்மையன்று. எந்திரம் ஓட்டினாலும், அதைக் கண்காணிக்கும் பொறுப்பு ஓட்டுநருடையதே.

கண்காணிப்பது எளிய வேலையா? பால்மரம் சீவுகிறவருக்கு வேலை நடுவே தூக்கம் வருவதில்லை. கையும் கண்ணும் ஓயாமல் இயங்குகின்றன. ஒன்றுமே நடக்காத இடத்தில் இரவெல்லாம் காவல் இருக்கும் ஜாகாவுக்குத்தான் கண் சொக்குகிறது. இங்கிலாந்தில் மேக்வொர்த் என்ற அறிஞர் இதைச் சோதித்து 1948இல் வெளியிட்டார். கடிகார முள் எப்போதாவது இரட்டிப்பாகத் தாவும்; அதைக் கண்டு சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே பலர் அதைத் தவறவிடத் தொடங்கினார்கள்.

காரிலும் இதுவே நடக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், டெஸ்லா ஓட்டுநர்களின் கண் போகும் திசையை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். தானியங்கி வசதி இயங்கும்போது ஓட்டுநர்கள் சாலையைக் குறைவாகப் பார்த்தார்கள். மடிப்பக்கமும் நடுத்திரைப் பக்கமும் அதிக நேரம் பார்த்தார்கள். பக்கக் கண்ணாடியைப் பார்ப்பது ஓட்டுவதற்கு உதவும். மடியில் இருக்கும் கைத்தொலைபேசியைப் பார்ப்பது உதவுமா?

இதன் விளைவை 2018 மார்ச் 18 இரவு உலகம் கண்டது. அமெரிக்காவின் தெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்த தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 வினாடிகளுக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது; ஆனால் அவர் சாலையைக் கடக்கும் ஆள் என்று அதற்குப் புரியவில்லை. அவரைக் காத்திருக்க வேண்டியது ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரின் கண். அந்தக் கண்ணோ கைத்தொலைபேசியில் இருந்தது. சுமார் ஒரு வினாடி இருக்கும்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார் என்று போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துக் கூறியது.

நம் தோட்ட முச்சந்திகளை நினைத்துப் பாருங்கள். விளக்கில்லாத இடத்தில் சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் பெருஞ்சாலையைக் கடப்பவர்கள் நம் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள்தாம்.

ஒரு கணக்குப் போடுவோம். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், 2 வினாடியில் ஏறத்தாழ 61 மீட்டர் ஓடிவிடும். 2 வினாடிக்கு மேல் சாலையை விட்டுக் கண் அகன்றால் விபத்து ஆபத்து குறைந்தது இரு மடங்காகும் என்று 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

சில கார்கள் ஸ்டீரிங்கில் கை இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கின்றன. கை அங்கே இருக்க, கண் மடியில் இருக்கலாம். ஆகவே கண்ணைப் பார்க்கும் கேமரா வைத்த கார்களும் வந்துள்ளன.

வீட்டில் இருப்பவர்களும் இதில் உதவலாம். மகன் காரோட்டும் நேரத்தில் தொலைபேசியில் அழைக்காதிருப்போம். உடன் செல்லும்போது, "தம்பி, ரோட்டைப் பார்" என்று தயங்காமல் சொல்வோம். புதிய கார் வாங்கினால், அந்த வசதி எங்கே உதவும், எங்கே உதவாது என்று விற்பவரிடம் கேட்டறிவோம். அது இயங்கும்போதும் கண் சாலையிலேயே இருக்கட்டும்.