அந்த அரைமணி நேரம்

(திருவிழாக் கூட்டத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோயில் மேடையில் குடியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் தயங்கினார்கள். வீட்டுக் கவலையை யாரிடமும் சொல்ல முடியாமல் சந்நிதியில் வந்து கண்ணீர் விடும் தாய்மார்களை நாம் பார்க்கிறோம். ஆகவே, இங்கேதான் பேச வேண்டும் என்று எண்ணினேன். குடிக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். குடியை நிறுத்திய ஒருவர் முதல் சில மாதங்களை எப்படிக் கடப்பது, அவருக்கு நாம் எப்படித் துணை நிற்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவரை அவருடைய மனைவி கோயிலுக்கு அழைத்து வந்தார். நானும் ஆசிரியர் தோரணையில், "இனித் தொடமாட்டேன் என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்" என்றேன். அவரும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். பதினொரு நாள் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டாம் நாள் சம்பள நாள். அன்று மாலை குடித்துவிட்டார். அதன்பின் ஓராண்டுக்கு மேல் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

ஒருநாள் ஜாலான் புசார் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். "சத்தியத்தை மீறியவன் எந்த முகத்தோடு சார் சந்நிதிக்கு வருவது? அன்றைக்குச் சாயங்காலம் யாராவது ஒருத்தர் கூட இருந்திருந்தால் நேரே வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார். நான் வாங்கிய சத்தியம் அவருக்குக் கோயில் கதவையே அடைத்துவிட்டதே என்று அன்று உணர்ந்தேன்.

அன்பர்களே, குடிக்க வேண்டும் என்ற வேட்கை கடல் அலை போன்றது. எழும், உச்சிக்குப் போகும், பிறகு தானே தணியும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் அதன் வேகம் குறைந்துவிடும் என்கிறார்கள் இத்துறையில் பணியாற்றுபவர்கள். அந்த அரைமணியைக் கடத்திவிட்டால் அன்றைய போரில் பாதி வெற்றி. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் அலையை எழுப்பிவிடும். ஆகவே வேலை முடிந்ததும் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். பழைய நண்பர்கள் உட்கார்ந்திருக்கும் காப்பிக்கடை வழியே போகாமல் வேறு வழியில் வீடு திரும்ப வேண்டும். சம்பளப் பணம் அன்றே வீட்டுக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கை எண்ணி மலைக்காமல், 'இன்று ஒரு நாள்' என்று இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீண்ட காலம் தினமும் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலிருந்தபடியே திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் இன்று இருக்கின்றன. நம் நாட்டில் மனநலக் கழகத்தில் இதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. அங்கே போவது அவமானம் அல்ல.

2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்தை நாம் மறக்கவில்லை. 2015 ஏப்ரல் 1 முதல், இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை பொது இடங்களில் குடிக்கவும் கடைகளில் மது வாங்கிச் செல்லவும் தடை வந்தது. லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். நல்லதுதான். ஆனால் சட்டம் கடையைத்தான் மூட முடியும். மாலை ஆறு மணிக்கு ஒரு மனிதனின் நெஞ்சில் எழும் வேட்கையை எந்தச் சட்டம் மூடும்?

1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பவர் ஒரு விடுதிக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஊரும் புதிது. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் ஆரவாரம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, அவ்வூர் மதகுரு ஒருவரை அழைத்து, தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்றார். அந்த அழைப்பின் வழியே டாக்டர் பாப் ஸ்மித் என்ற மருத்துவரைச் சந்தித்தார். இருவரும் ஒருவருக்கொருவர் துணையானார்கள். இன்று சிங்கப்பூர் உட்பட உலகெங்கும் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்தது அப்படித்தான்.

நம் தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980-இல் சென்னையில் கணவரின் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் பயிற்சி உண்டு. வீட்டில் உள்ளவர்களும் நொந்து போயிருக்கிறார்கள் அல்லவா?

உபயதாரப் பெருமக்களே, அன்று ஆக்ரனில் மணி அடித்தபோது ஒரு மதகுரு தொலைபேசியை எடுத்தார். நம் கோயிலில் மணி அடித்தால் எடுப்பது யார்? நம் இந்து அறக்கட்டளை வாரியம் போதைப்பொருளிலிருந்து மீள்வோருக்காக 'ஆசிரமம்' என்ற இல்லத்தை நடத்துகிறது. அதற்கும் உங்கள் ஆதரவு தேவை. அதோடு இன்னொரு நன்கொடையும் கேட்கிறேன். மாதத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தாருங்கள். திண்டாடும் ஒருவரோடு அன்னதானப் பந்தியில் அமர்ந்து சாப்பிடுங்கள். கோலமிடும், பூத்தொடுக்கும், பாத்திரம் துலக்கும் தொண்டில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சறுக்கிவிட்டால், "மறுபடியுமா?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள்.

அந்த மாணவரிடம் நான் மறுபடி சத்தியம் கேட்கவில்லை. என் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்தேன். இடையில் இரண்டு முறை சறுக்கினார். இரண்டு முறையும் மறுநாள் காலை அவரே அழைத்தார். மருத்துவரிடமும் போனார். இன்று பல ஆண்டுகளாகக் குடிப்பதில்லை. ஆனாலும் சம்பள நாளில் இன்றும் ஓர் அழைப்பு வரும். "சார், வீட்டுக்கு வந்துவிட்டேன்" என்பார். எனக்கு அதைவிடப் பெரிய பிரசாதம் இல்லை.

அத்தகைய அழைப்புகள் உங்கள் வீடுகளுக்கும் வர அம்பிகை அருள்புரிவாளாக.