கொலுசு போட்டால் போதுமா?

நடுவர் அய்யா அவர்களே! எதிரணித் தோழி என்ன சொன்னாங்க? மிருகக்காட்சி சாலையில வேளாவேளைக்குச் சாப்பாடு, வைத்தியம். காட்டுல இதெல்லாம் கிடைக்குமான்னு கேட்டாங்க. ஜெயில்லயும் கிடைக்குதுங்க! யாராவது இடம் கேட்டு மனு போடுறோமா? (சிரிப்பு, கைதட்டல்)

அன்பா வளர்த்தா தப்பில்லைன்னும் சொன்னாங்க. புதுச்சேரி மேடையில அந்தப் பேச்சு வந்தா மணக்குள விநாயகர் கோயில் லட்சுமியைச் சொல்லாம முடியுமா? கூண்டு இல்லை. காலுக்குக் கொலுசு போட்டு அழகு பார்த்த ஊரு இது. 2022 நவம்பர் 30 காலையில நடக்கப் போனவ தெருவுலயே சாய்ஞ்சா. ஊரே அழுதது. நானும்தான் அழுதேன்.

ஆனா யானை யாரு? பாட்டி, அம்மா, சித்தி, பேத்தின்னு கூட்டுக் குடும்பமா வாழுற உயிர். வழி காட்டுறது மூத்த பெண் யானை. நம்ம கடற்கரைத் தெருவுல லட்சுமிக்குப் பாட்டி யாரு, சித்தி யாரு? தேங்காய் கொடுக்க ஆயிரம் பேர் இருந்தோம். அவ பாஷையில பேச ஒரு ஆள் உண்டா?

அட, நான் சொல்றதை விடுங்க. மிருகக்காட்சி சாலைகளைக் கண்காணிக்கிற மத்திய ஆணையமே 2009ல, அங்கே இருக்கிற யானைகளை முகாம்களுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. சாவி வச்சிருக்கிறவங்களே அப்படிச் சொன்னதுக்கு எதிரணி என்ன பதில் வச்சிருக்காங்க? வந்து சொல்லட்டும். (கைதட்டல்)