ஏலமலையிலிருந்து ஒரு மாதக் கடிதம்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில், போடிநாயக்கனூரில் குடும்ப மருத்துவராகப் பணியாற்றும் அன்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதியோர் நலமும் குடும்ப மருத்துவரும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த நான், பணி நிமித்தம் போடிக்குச் சென்று, அங்கேயே தங்கிவிட்டவன். ஏலக்காயை ஏலம் விடும் ஊரிலிருந்து வந்திருப்பதால் ஏலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நம் சமயச் சான்றோராகிய கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி எனப் பெயரிட்டார். அது ஒரு மருந்துச் சூரணத்தின் பெயர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்பது அதன் அளவு. ஆறு பங்கு சேர்ந்த சுக்கை விட்டு, ஒரே பங்கு சேர்ந்த ஏலத்துக்கே பெயர் போயிற்று. இதைப் போடிக் கடைவீதியில் சொன்னால் ஏலக்காய் வணிகர் மகிழ்வர்; சுக்கு வணிகர் என்ன சொல்வாரோ அறியேன். காரியாசானின் சிறுபஞ்சமூலமும் மருந்தின் பெயரைத் தாங்கியதே. உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்தவர்கள் நம் முன்னோர். போடிக்குத் தெற்கே உத்தமபாளையத்தில், கருப்பண்ணசாமி கோயிலை அடுத்த பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அச்சணந்தியின் பெயர் பொறித்த வட்டெழுத்தும் இன்றும் உள்ளன. அப்பக்கம் வருவோர் தவறாது கண்டு செல்ல வேண்டும்.

இனிப் பொருளுக்கு வருகிறேன்.

போடியில் தோட்டம் வைத்திருப்போரும் ஏலக்காய் வணிகம் செய்வோரும் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்துச் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் அதற்கு அப்பாலும் அனுப்பிவிட்டனர். 2023 ஜூன் 15 முதல் சென்னையிலிருந்து போடிக்கே ரயில் வருகிறது. ஆனாலும் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்குமே வருகின்றனர். அவர்களுள் சிலர் என்னிடம் ஓர் ஏற்பாட்டை வேண்டினர். ஆண்டுக்கு ஒரு தொகை தந்துவிடுவார்கள். நான் மாதம் ஒருமுறை வீட்டுக்குச் சென்று பெற்றோரைப் பார்த்து, அவர்கள் நலத்தைக் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும். அழைத்தால் இரவிலும் போக வேண்டும்.

அமெரிக்காவில் இதனைக் கன்சியர்ஜ் மருத்துவம் என்கின்றனர். கன்சியர்ஜ் என்பது பிரெஞ்சு மொழியில் வாயில் காப்பவரைக் குறிக்கும் சொல். 1996இல் சியாட்டில் நகரில், கூடைப்பந்து அணி ஒன்றின் மருத்துவராக இருந்த ஹோவர்டு மேரன் என்பவர் இம்முறையைத் தொடங்கினார். மிகச் சில குடும்பங்களையே ஒரு மருத்துவர் ஏற்பார். அதற்கேற்பக் கட்டணமும் பெரிது. நம் தாத்தாக்கள் காலத்தில் வீட்டு வைத்தியருக்கு ஆண்டுக்கு இத்தனை மூட்டை நெல் என்று அளந்தார்களே, அதற்கும் இதற்கும் பெயரில்தான் பெரிய வேறுபாடு என்று நான் அப்போது எண்ணினேன். பன்னிரண்டு குடும்பங்களை ஏற்றேன்.

என் கடிதங்கள் அழகாக இருந்தன. இரத்த அழுத்தம், எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி எல்லாம் கட்டம் கட்டி எழுதப்பட்டிருக்கும். அடியில் ‘யாவும் நலம்’ என்று ஒரு வரி. அந்த வரியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அக்குடும்பங்களுள் ஒன்றில் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர். அவர் ஒப்புதலோடுதான் இதைச் சொல்கிறேன். நம் சமயத்தார் அல்லர். ஏகாதசி நோன்பு தவறாதவர். நீரிழிவுக்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுத்து வந்தார். மூன்று மாதச் சராசரி 6.8. அவ்வயதில் அது எனக்குப் பெருமையான எண். ஆவணி மாதத் தொடக்கத்தில் ‘யாவும் நலம்’ என்று மகனுக்கு எழுதினேன். மகன் இருப்பது சிங்கப்பூரில்.

மூன்றாம் நாள் ஏகாதசி. காய் எடுப்பு மும்முரமாக இருந்த காலம். பெரியவர் விடியற்காலையில் வழக்கம்போல் மாத்திரையை விழுங்கி, நீர் மட்டும் அருந்தி, ஜீப்பில் ஏறி, முந்தல் சோதனைச் சாவடி கடந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள தம் தோட்டத்துக்குச் சென்றுவிட்டார். பத்து மணியளவில், காய் உலர்த்தும் ஸ்டோரின் திண்ணையில் அமர்ந்திருந்தவர் பேச்சுக் குழறி, வியர்வையில் நனைந்து, தம் கணக்குப்பிள்ளையையே யார் என்று கேட்டிருக்கிறார். பக்கவாதம் என்று எண்ணி அனைவரும் ஜீப்பைத் தேட ஓடினர். காய் எடுக்க வந்திருந்த பெண்ணொருத்தி மட்டும், “ஐயாவுக்குச் சர்க்கரை இறங்கிப் போச்சு” என்று சொல்லி, தேநீருக்கு வைத்திருந்த சீனியை நீரில் கரைத்து, அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று முதலில் ஒரு மிடறு கொடுத்துப் பார்த்து, பிறகு முழுவதையும் குடிக்கச் செய்திருக்கிறாள்.

கீழே கொண்டுவந்து நான் பார்த்தபோதும் சர்க்கரை 58தான் இருந்தது. அவ்வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏறிய பிறகும் மீண்டும் இறங்கும். ஒரு நாளேனும் கண்காணிக்க வேண்டும். அன்றிரவு முழுவதும் அவர் கட்டிலருகே இருந்தேன்.

அப்பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று பின்னர்க் கேட்டேன். அவள் தாய்க்கும் நீரிழிவு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் மாதந்தோறும் வீட்டுக்கு வந்து, அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைக் கையில் கொடுத்துச் செல்வார். அவர்தாம் வாசற்படியில் அமர்ந்து இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தாராம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற இத்திட்டம், 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் பெற்றது. சியாட்டில் செல்வர் பெரும்பொருள் கொடுத்துப் பெறுவது அப்பெண்ணின் வாசலுக்குக் கட்டணமின்றி வந்திருக்கிறது. கட்டணம் வாங்கிய நான் சொல்லாததை அது சொல்லியும் இருக்கிறது.

மகன் சிங்கப்பூரிலிருந்து அழைத்தார். “டாக்டர், மூன்று நாளைக்கு முன்புதானே யாவும் நலம் என்று எழுதினீர்கள்?” என்றார். கோபம் இல்லாத குரல். கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

முப்பது ஆண்டுகளாக மாதம் இருமுறை அவர் உண்ணாதிருந்தது மனைவிக்குத் தெரியும். ஜீப் ஓட்டுநருக்குத் தெரியும். கோயில் குருக்களுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, நோன்பு மருத்துவரிடம் சொல்லத்தக்க செய்தி என்று அவருக்குத் தோன்றவில்லை. நம் வீடுகளிலும் இதே நிலைதான் என்பதால் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

அட்டமி, சதுர்த்தசி நாட்களிலும் தசலட்சணப் பருவத்திலும் நோன்பிருப்போர் நம்மில் பலர். நோன்பை விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் உணவில்லாத நாளில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கும். மெட்ஃபார்மின் தனியாக அவ்வாறு செய்வது அரிது. டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகளோடு நீரும் அருந்தாமல் நீண்ட நோன்பு இருந்தால் உடல் வறண்டு, இரத்தத்தில் அமிலம் மிகும். சிறுநீர் பிரியக் கொடுக்கும் அழுத்த மாத்திரைகளும் நீரற்ற நோன்பில் தலைசுற்றச் செய்யும். ஆகவே நோன்புக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார். தாமாகவே நிறுத்திவிடுவதும் தவறு. சர்க்கரை 70க்குக் கீழே சென்றால் அந்நேரமே நோன்பை முடித்தாக வேண்டும். நினைவிழந்து கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது, 108ஐ அழையுங்கள்.

இரவு உண்ணாமை மற்றொன்று. ‘இரவு உணவுக்கு முன்’ என்று மருத்துவர் எழுதும்போது அவர் மனத்தில் எட்டரை மணி இருக்கிறது. நம் வீட்டில் ஐந்தரைக்கே உணவு முடிந்துவிடுகிறது. உணவு ஐந்தரைக்கும் மாத்திரை எட்டரைக்கும் என்றால், விடியற்காலை மூன்று மணிக்கு உடல் அதற்குக் கணக்குக் கேட்கும்.

பி12 உயிர்ச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காய்கறி, தானியங்களில் அது இயல்பாக இல்லை. நமக்குப் பாலும் தயிரும்தான் வழி. மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கும் பான்டோபிரசோல் போன்றவையும் அது உடலில் சேர்வதைக் குறைக்கும். கால் மரத்துப்போனால் நீரிழிவு என்றும், மறதி வந்தால் முதுமை என்றும் விட்டுவிடுகிறோம். ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். குறை என்றால் மாத்திரையோ ஊசியோ போதும். அம்மாத்திரையின் பி12 விலங்குப் பொருளன்று. நுண்ணுயிர் நொதித்தலால் ஆக்கப்படுவது. காப்ஸ்யூல்களின் உறை பெரும்பாலும் விலங்கின் ஜெலட்டின். மாத்திரை வடிவில் தருமாறு தயங்காமல் கேளுங்கள். இது அறியாமல் பல பெரியோர் மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, உட்கொண்டதாக மருத்துவரிடம் தலையாட்டுகின்றனர்.

எங்கள் மலையில் மருந்து என்றாலே முதலில் பூச்சிமருந்துதான். ஏலச்செடிக்குத் தெளிக்கும் சிலவகை மருந்துகள், தெளிப்பவர் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் புகுந்து, வியர்வையும் உமிழ்நீரும் பெருகி, கண்மணி சுருங்கச் செய்யும். அவ்வேளை மருத்துவருக்குத் தேவை அந்தப் புட்டியின் மேல்சீட்டு. அதையும் வீட்டார்தாம் கொண்டுவர வேண்டும்.

அந்த ஆவணிக்குப் பின் என் ஏற்பாட்டைத் தலைகீழாக்கினேன். இப்போது முதல் கடிதம் வீட்டிலிருந்து எனக்கு வருகிறது. ஒரே தாள்: அம்மாதம் எத்தனை நாள் உண்ணவில்லை, மாலை உணவு எத்தனை மணிக்கு, எந்த மருந்தை விழுங்கவில்லை, யார் கொடுத்த புதிய சூரணம், எங்கே தடுக்கி விழுந்தார், இரவில் எத்தனை முறை எழுந்தார். அதைப் படித்த பிறகே புறப்படுகிறேன். இரண்டு குடும்பங்கள் இது தொல்லை என்று விலகின. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; பணம் கட்டியது இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதானே.

நம் ஊர்களில் தனித்து வாழும் முதியோர்க்கு ஆண்டுச் சந்தா முறையில் ஒரு மருத்துவரை அமர்த்தலாமா என்று அறங்காவலர்கள் கேட்டிருந்தார்கள். தாராளமாக அமர்த்தலாம். அதற்கு முன், வருகிற தசலட்சணப் பருவத்துக்குள் வீட்டுக்கு ஒரு தாள் எழுதி வாங்குங்கள். எழுத வேண்டியவர், பெரும்பாலும், அடுப்படியில் இருப்பவர்.

அப்பெரியவரின் துணைவியார் சென்ற மாதம் எழுதியனுப்பிய தாள் என் பையில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். முதல் இரண்டு வரி மருமகள் பிரசவத்தைப் பற்றியது, அவற்றை விட்டுவிடுகிறேன். மூன்றாம் வரி: ஏகாதசியன்று மாத்திரையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன், டாக்டர் சொன்னபடி பதினொரு மணிக்குப் பழமும் பாலும் கொடுத்தேன், திட்டிக்கொண்டே சாப்பிட்டார். நான்காம் வரி: மறுநாள் மலைக்குப் போனார்.