ஏற்றும் முன் ஒரு நிமிடம்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, சான்றிதழ் 200 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். உடனே கூகுளில் தேடி, முதலில் வரும் இலவசத் தளத்தில் ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் ஏற்றிவிடுகிறோம். பல தளங்களில் கோப்பைச் சுருக்கும் வேலை நம் போனுக்குள் நடப்பதில்லை. கோப்பு முழுவதும் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கே சுருக்கப்பட்டுத் திரும்புகிறது. சில மணி நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்வார்கள். அழித்தார்களா என்று பார்க்க நமக்கு வழியில்லை. இது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

கணினி இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போதும். ஒருமுறை நிறுவிவிட்டால், இணையம் இல்லாமலே பி.டி.எஃப். அளவைக் குறைக்கலாம்.

ஆதாருக்கு இன்னொரு வசதி உண்டு. முதல் 8 இலக்கங்கள் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. முழு எண் தேவைப்படாத இடங்களில் அதையே கொடுங்கள்.

பிரவுசிங் சென்டரில் வேலை முடித்தால், எழுந்திருக்கும் முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் சான்றிதழ் அங்கே கிடந்தால் அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு வாருங்கள்.