சிறு மனையில் கனிமரங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் முழங்கும் மேடையிலே கொய்யாவையும் சப்போட்டாவையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது சற்றே தயங்கினேன். ஆயினும் மா, பலா, வாழை மூன்றையும் முக்கனி எனத் தனிப்பெயர் இட்டுப் போற்றிய மொழி நம்முடையது. ஆகவே இப்பொருள் தமிழ் மேடைக்குப் புறம்பானது அன்று எனத் தேறி வந்து நிற்கின்றேன்.

நம்மிற் பெரும்பாலோர் பிழைப்பு நாடி இப்பக்கம் வந்தவர்கள். பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி ஆகிய இடங்களிலுள்ள ஆலைகளில் உழைத்து, கடன் பட்டு, முப்பதுக்கு நாற்பது என்றோ நாற்பதுக்கு அறுபது என்றோ ஒரு மனை வாங்கி, அதில் வீடும் கட்டிக் கொண்டோம். கட்டி முடித்ததும் நாம் செய்யும் முதற் பணி யாது? வீட்டைச் சுற்றி எஞ்சியிருக்கும் மண்ணைச் சிமெண்டால் மூடுதல்! சேறு படாது, பெருக்குவது எளிது, வண்டி நிறுத்தலாம் என்று காரணங்கள் சொல்லுகின்றோம். மரம் வைக்கலாகாதா என்று கேட்டால், "இடம் ஏது?" என்பார் சிலர். "இது நம் ஊரா? என்றோ ஒருநாள் திரும்பிப் போகின்றவர்களுக்கு மாவும் பலாவும் எதற்கு?" என்பார் வேறு சிலர்.

இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக் கொள்கின்றேன். ஆனேக்கல்லில் நடைபெறும் கரகத் திருவிழாவை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை நடத்துவோர் திகளர் என்னும் சமூகத்தார். 'திகுளர்' என்பது பழங்கன்னடத்தில் தமிழரைக் குறித்த சொல். அவர்கள் தோட்டத் தொழிலில் கைதேர்ந்தவர்கள். ஐதர் அலி 1760-ஆம் ஆண்டில் பெங்களூரில் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியபோது, அதனை வளர்த்த கைகள் திகளருடைய கைகளே என்பது இந்நகரில் வழிவழியாக வழங்கி வரும் செய்தி. ஊர் திரும்பும் நாளை எண்ணிக் கொண்டு அவர்கள் வாளா இருந்திருப்பின், இன்று நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவதற்கு என்ன இருந்திருக்கும்?

மரங்களும் நம்மைப் போலக் குடியேறியவையே. கொய்யா, பப்பாளி, சப்போட்டா, சீத்தா ஆகிய நான்கும் அமெரிக்க நிலப்பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்தவை. பப்பாளியைக் கன்னடத்தார் 'பரங்கி ஹண்ணு' என்கின்றனர். நமக்கோ பரங்கிக்காய் என்றால் பூசணியின் இனம். புதிதாக வந்த தமிழ்ப் பெண்மணி சந்தையில் பரங்கி கேட்டுப் பப்பாளியோடு வீடு திரும்புவது இங்கே புதுமை அன்று! இரு மொழியிலும் அப்பெயர் வெளிநாட்டாராகிய பரங்கியரைச் சுட்டியே பிறந்தது. சப்போட்டாவின் வரலாறு இன்னும் சுவையானது. அது தன் வேரில் வளர்வதைக் காட்டிலும் நம் நாட்டுப் பாலை மரத்தின் கன்றில் ஒட்டுக்கட்டினால் நெடுநாள் நிலைத்துக் காய்க்கின்றது. ஆகவே ஒட்டுக்கன்று தருவோர் பலரும் பாலைக் கன்றையே வேர்ச்செடியாகக் கொள்கின்றனர். (ஐந்திணையுள் ஒன்றற்குப் பெயர் தந்த பாலை இதுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைப் புலவர்களிடமே விட்டு விடுகின்றேன்.)

இனி, இடம் ஏது என்னும் கேள்வி. பழைய முறையில் ஒரு மாமரத்துக்கும் அடுத்த மாமரத்துக்கும் 10 மீட்டர் இடைவெளி விடுவார்கள். அக்கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு நூறே மரங்கள். நம் மனையிலோ ஒரு மரம் நின்றால் வீட்டுக்கு இடம் இராது. இந்தக் கணக்கை மாற்றியவை குட்டை மரங்களும் கத்தியுமே. தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1971-ஆம் ஆண்டில், வடநாட்டுத் தசேரியையும் நம் நீலத்தையும் சேர்த்து 'ஆம்ரபாலி' என்னும் கலப்பினத்தை உருவாக்கினர். அதனை இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு 1600 மரங்கள் நடலாம். உடுமலைப்பேட்டைப் பகுதியில் 3 மீட்டருக்கு 2 மீட்டர் என ஏக்கருக்கு 674 மாமரங்கள் வைத்து வளர்த்துக் காட்டியுள்ளனர். இலட்சுமணபுரி ஆராய்ச்சியாளரோ கொய்யாவை 2 மீட்டருக்கு 1 மீட்டர் என ஹெக்டேருக்கு 5000 மரங்களாக நட்டுக் காய்க்க வைத்தனர். வயற்காட்டில் இயலுவது முற்றத்தில் ஏன் இயலாது?

இயலும், ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடும்போதே மரத்தின் உயரத்தை நாம் முடிவு செய்துவிட வேண்டும். கையை உயர்த்தினால் எட்டும் உயரம், அதாவது ஏழெட்டு அடி போதும். கன்று இரண்டரை அடி வளர்ந்தவுடன் நுனியைக் கிள்ளிவிடுக. பக்கக் கிளைகள் நாலைந்து எழும். நாற்புறமும் பார்த்த மூன்றை மட்டும் விடுக. அவையும் இரண்டடி நீண்டதும் மீண்டும் நுனியை வெட்டுக. கன்று வாங்கும்போது நமக்கு இருக்கும் துணிவு கத்தியை எடுக்கும்போது இருப்பதில்லை! "காய்க்கிற மரத்தை வெட்டலாமா?" என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். மூன்று ஆண்டு வெட்டாமல் விட்ட மாவோ மதிலுக்கு மேலே போய்ப் பக்கத்து வீட்டுக் கிளிகளுக்கே பழம் கொடுக்கின்றது.

ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டும் காலம் வேறு. கொய்யா புதுத்தளிரில்தான் பூக்கும். ஆகவே வெட்ட வெட்டக் காய்க்கும். இதைவிட ஏழைக்கு இரங்கும் மரத்தை நான் அறியேன். மாவைப் பழம் பறித்த உடனே வெட்டிவிட வேண்டும். ஆகஸ்டு கடந்து வெட்டினால் புதுக்கிளை முற்றுமுன்னே பூக்கும் பருவம் வந்துவிடும். அவ்வாண்டு பழம் இல்லை. சீத்தா பனிக்காலத்தில் இலையுதிர்க்கும் இயல்பினது. தளிர்க்குமுன், பிப்ரவரியில் வெட்டலாம். சப்போட்டா மெல்ல வளர்வது. காய்ந்த கிளைகளை நீக்கினாலே போதும். பலாவைச் சிறு மனையில் வைக்கலாமா என்று பலர் கேட்கின்றனர். பலா அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்ப்பது. தலையைக் குறைத்தாலும் பழம் குறையாது. ஒட்டுக்கன்றாக வாங்கி உயரத்தை அடக்கி வைத்தால் தீங்கில்லை. ஆனால் மதிலிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் எட்டியே நடுக. பன்னேர்கட்டா காட்டின் ஓரத்தில் குடியிருப்போர் மட்டும் பலாவை மறந்துவிடுவது நன்று. அதன் மணத்தை நம்மினும் முன்னதாக யானைகள் அறிந்துவிடும்!

மரம் நிற்கும் திசையும் கருதத்தக்கது. பனிக்காலத்தில் வெயில் தெற்கே சாய்ந்து வருகின்றது. ஆகவே உயர்ந்து நிற்கும் மா, பலா, சப்போட்டா ஆகியவற்றை வடபுறத்திலும், எலுமிச்சை, மாதுளை, சீத்தா ஆகியவற்றைத் தென்புறத்திலும் வைத்தால் ஒன்றன் நிழல் மற்றொன்றன் மேல் விழாது. பப்பாளிக்கு ஆண் மரம், பெண் மரம் என்ற தொல்லை உண்டு. ஒன்றிரண்டு மரமே வைக்கும் வீட்டார், நம் பெங்களூரை அடுத்த எசரகட்டாவில் 1967-இல் தோன்றிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த 'அர்க்கா சூர்யா' போன்ற வகையைத் தேடி வாங்குக. அதில் ஆண் மரம் தோன்றுவதில்லை. அந்நிறுவனத்தாரே பங்கனப்பள்ளியையும் அல்போன்சாவையும் கலந்து 'அர்க்கா அருணா' என்னும் குட்டை மாவையும் தந்துள்ளனர்.

ஒரு மாமரத்துக்கே இடம் உள்ளவர் மூன்று வகை மாம்பழம் உண்ண முடியாதா? முடியும். இலட்சுமணபுரியை அடுத்த மலிகாபாத்தில், 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கலீமுல்லா கான் என்னும் பெரியவர் ஒரே மரத்தில் 300-க்கு மேற்பட்ட வகைகளை ஒட்டுக்கட்டிக் காய்க்கச் செய்தார். நமக்கு அத்தனை வேண்டா. முந்திப் பழுக்கும் செந்தூரா, இடையே கன்னடத்தார் பாதாமி என்று வழங்கும் அல்போன்சா, பிந்திப் பழுக்கும் நீலம் ஆகிய மூன்றும் ஓர் அடிமரத்தில் இருந்தால், கோடை தொடங்கி ஆடி வரையில் வீட்டில் மாம்பழம் இருக்கும். அதன்பின் சீத்தா வரும். கொய்யா ஆண்டில் இருமுறை வரும். எலுமிச்சையும் பப்பாளியும் ஒரு குலை வாழையும் எந்நாளும் கைகொடுக்கும். தொகையைவிட இந்தத் தொடர்ச்சியே பெரிது. ஒரே மாதத்தில் பன்னிரண்டு மரமும் பழுத்தால் பாதி அணிலுக்கும் மீதி குப்பைக்கும் போகும்.

ஆசைக்கு ஒரு வரம்பும் வேண்டும். மங்குஸ்தானும் துரியானும் ரம்புத்தானும் வைக்கலாமா என்று இளைஞர்கள் வினவுகின்றனர். நீலகிரிச் சரிவில் பர்லியாறு, கல்லாறு ஆகிய அரசுப் பழப்பண்ணைகளில் மங்குஸ்தான் செழிப்பதைக் கண்டவர்கள், ஆனேக்கல்லும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில்தானே உள்ளது என்று வாதிடுவார்கள். உயரம் ஒன்றே போதாது, ஐயா. அங்கே பள்ளத்தாக்கின் ஈரக்காற்று உண்டு. இங்கே பனிக்கால வறட்சியில் இலை நுனி கருகும். அந்த இடத்தில் ஒரு பட்டர் புரூட் வைப்பது அறிவுடைமை. கீழ்ப்பழனி மலையிலுள்ள தடியன்குடிசை நிலையத்தார் தந்த வகை ஒன்று நம் பக்கத்துக்கு ஏற்றது. ஆனேக்கல் என்னும் பெயருக்கே ஆலங்கட்டி என்று பொருள் சொல்வாரும் உண்டு. சித்திரையில் அப்பெயரை மெய்ப்பிக்கும் ஒரு மழை பெய்தால் மாம்பிஞ்சுகள் தரையில் கிடக்கும். அதற்கு மருந்து இல்லை.

மருந்து என்றதும் பூச்சி மருந்து நினைவுக்கு வருகின்றது. 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதல் காணப்பட்டது. மெக்சிகோ நாட்டிலிருந்து பரவிய அப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, பட்டுப்புழு உண்ணும் முசுக்கொட்டை ஆகியவற்றை அழித்தது. எத்தனை நஞ்சு தெளித்தும் அடங்கவில்லை. 2010-இல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சியியல் நிறுவனத்தார், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கண்ணுக்கு அரிதிற் புலனாகும் சிறு குளவிகளைத் தருவித்துப் பெருக்கி வழங்கினர். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அக்குளவிகள் இன்றும் நம் தோட்டங்களில் உலவுகின்றன. முற்றத்தில் நாம் தெளிக்கும் நஞ்சு முதலிற் கொல்வது அவற்றைத்தான். மா, கொய்யாப் பழ ஈக்கு மீத்தைல் யூஜினால் இட்ட பொறி ஒன்று தொங்கவிட்டு, விழுந்த பழங்களை அன்றன்றே புதைத்துவிடுவது பெருமளவு பயன் தரும்.

இப்போது தண்ணீருக்கு வருகின்றேன். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பெங்களூர் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. தண்ணீர் லாரிக்காகப் பணத்தோடு காத்து நின்றோம். "குடிக்கவே நீரில்லை, மரம் வேறா?" என்று கேட்பது நியாயமே. கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 சதுர அடிக் கூரையின் மேல் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று குறைத்தே கொண்டாலும் 59,000 லிட்டர் விழுகின்றது. வழியிற் போவது போக 50,000 லிட்டர் நிற்கும். குட்டையாக வளர்த்த பன்னிரண்டு மரங்களுக்கு, கோடையின் நான்கு மாதம், மூன்று நாளைக்கு ஒருமுறை 20 லிட்டர் வீதம் விட்டால் ஏறத்தாழ 10,000 லிட்டர் ஆகும். வேரடியில் காய்ந்த இலையை நான்கு விரற்கிடை மூடாக்காகப் பரப்பினால் அதுவும் குறையும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலும், பெங்களூரில் 2009-ஆம் ஆண்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அந்தக் குழாய் அதிகாரிக்குக் காட்டுவதற்கு மட்டுமே நிற்கின்றது.

தொட்டி நிறைந்து எஞ்சும் 40,000 லிட்டர், சிமெண்டு முற்றமாயின் சாக்கடைக்கு ஓடும். மண் முற்றமாயின் நிலத்தில் இறங்கும். அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் சேரும். நீரின் பெயரால் 1991-லும் 2016-லும் இந்நகரில் நம்மவர்க்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அதனை நான் விரித்துரைக்கப் போவதில்லை. நதிநீர்ப் பங்கீடு நம் கையில் இல்லை. கூரைநீர் நம் கையில் உள்ளது. அண்டை வீட்டாரோடு உறவு கெடுவதற்குக் காவிரி வேண்டுவதில்லை. மதில் தாண்டிய ஒரு மாங்கிளையே போதும். கிளை எல்லையைக் கடக்குமுன் வெட்டுங்கள். முதற் பழத்தை அவ்வீட்டு அம்மையாரிடம் கொடுத்து, கன்னடத்தில் அதன் பெயரைக் கேட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு உதிரும் இலைக்காக அவர் சண்டைக்கு வரமாட்டார்.

ஒட்டுக்கட்டுவதைச் சொல்லால் விளக்க முயன்று சிலமுறை தோற்றவர்களைக் கண்டிருக்கின்றேன். அது கண்ணாற் கண்டு கையாற் பழக வேண்டியது. ஆகவே விதையில் முளைத்த பத்து மாங்கன்றுகளும், செந்தூரா, பாதாமி, நீலம் மூன்றின் குச்சிகளும், இரண்டு கூரிய கத்திகளும் கொண்டு வந்திருக்கின்றேன். கலைநிகழ்ச்சி தொடங்க அரைமணி இருக்கின்றது. விருப்பமுள்ளவர்கள், குறிப்பாகப் பெண்டிரும் பிள்ளைகளும், மண்டபத்தின் கீழ்ப்புறத் திண்ணைக்கு வருக. கட்டிய கன்றை அவரவர் வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம். துளிர்க்கும் வரையில் நிழலில் வைத்து, கட்டின்மேல் நீர் படாமல் பார்த்துக்கொள்க.