பென்ஷன் ஆன சிஸ்டர்களைக் கூப்பிடுங்கள்



கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கிற நம்முடைய பனச்சமூட்டுச் சந்தையில் மீன் வாங்க வருகிறவர் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று பார்ப்பதில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது கன்னியாகுமரி அந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை இந்தக் கேரளப் பக்கம் நின்றது. கல்யாணமும் கருமாதியும் இன்றைக்கும் இரண்டு பக்கத்துக்கும் பொதுதான். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லை அழுத்தமாக விழுந்திருக்கிறது. கேரளத்தில் 2013க்கு முன்பு சர்க்கார் வேலையில் சேர்ந்த நர்ஸுக்கு 56 வயதில் பென்ஷன். தமிழ்நாட்டில் 58 ஆக இருந்ததை 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள், அடுத்த வருஷமே 60 ஆக்கினார்கள். அதே படிப்பு, அதே கை, அதே கண். ஒரு சர்க்கார் "போதும், வீட்டுக்குப் போங்கள்" என்கிறது. கூப்பிடு தூரத்தில் இன்னொரு சர்க்கார் "இன்னும் நாலு வருஷம் இருங்கள்" என்கிறது. அப்படியானால் பென்ஷன் தேதி என்பது ஆபீஸ் கணக்கு. அந்த நாளில் ஒரு நர்ஸின் தொழில் அவரை விட்டுப் போய்விடுவதில்லை.

கொரோனா வந்தபோது அதை எல்லாரும் கண்டுகொண்டார்கள். 2020 மார்ச் 31 அன்று பென்ஷன் ஆக வேண்டிய டாக்டர்களையும் நர்ஸ்களையும் தமிழ்நாடு அரசு இரண்டு மாதம் ஒப்பந்தத்தில் நிறுத்திக்கொண்டது. 2021 ஏப்ரலில், இரண்டாம் அலை அடித்தபோது, முந்தைய இரண்டு வருஷத்தில் ஓய்வு பெற்ற ராணுவ மருத்துவப் பணியாளர்களை ராணுவமே திரும்ப அழைத்தது. அவரவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே கோவிட் மையங்களில் வேலை. நம் தாலுகாவுக்கே வருவோம். 2020 ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் வந்துவிட்டது என்று முதலமைச்சர் பினராயி விஜயன் சொன்னார். புல்லுவிளை எங்கேயோ இல்லை, நம் நெய்யாற்றின்கரைக் கடற்கரை. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் கட்டில் போட்டு முதல்நிலை சிகிச்சை மையம் திறந்தார்கள். கட்டில் ஒரே ராத்திரியில் வந்துவிடும். சிஸ்டர் வருவாரா?

பென்ஷன் ஆன நர்ஸான நானும் அந்தக் காலத்தில் வேலைக்குத் திரும்பிப் போனவள். வீட்டில் பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் பாஸாகி வந்து கொஞ்ச நாளே ஆன பிள்ளைகள் பிபிஇ கிட்டுக்குள் வியர்த்து நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தைரியம் இருந்தது, படிப்பும் இருந்தது. பழக்கம் மட்டும்தான் இல்லை. நீர் வற்றிப்போன கிழவிக்கு ஊசி போட நரம்பு கண்ணுக்குத் தெரியாது. அதுவும் இரண்டு கிளவுஸுக்கு மேலே தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். விரலில் மாட்டிய ஆக்சிஜன் மெஷின் 95 காட்டும். ஆனால் ஆள் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்குவார். நம்பரைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா? ஆளைப் பார், மோளே. எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லி மறுபடி மெஷினை மாட்டிப் பார். குறைந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு. இதெல்லாம் வார்டில் வருஷக்கணக்காக நின்று வருவது. கவிழ்ந்து படுக்கப் பயப்படுகிற நோயாளியிடம், "அண்ணாச்சி, நான் பக்கத்திலேயே நிற்கிறேன், கவிழுங்கள்" என்று சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும்.

இப்போது சர்க்காரிடம் கேட்கிறேன். கொரோனா காலத்தில் வயதானவர்கள் வெளியே வராதீர்கள் என்று ஒரு அறிவிப்பு; ஓய்வு பெற்றவர்களே வாருங்கள் என்று இன்னொரு அறிவிப்பு. இரண்டையும் கேட்ட சர்க்கரை வியாதிக்காரச் சிஸ்டர் எதைக் கேட்பார்? மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல், மூட்டுவலியோடு அந்தப் பிபிஇ உடுப்புக்குள் நிற்க எல்லாராலும் ஆகாது. நிற்கவும் வேண்டாம். வீட்டில் தனித்திருந்த நோயாளிகளுக்குப் போன் செய்து விசாரிக்க ஆள் தேவைப்பட்டது. தடுப்பூசி மையத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பாலியேட்டிவ் பட்டியலில் இருந்த படுக்கை நோயாளிகளைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டது. கொரோனா வந்தது என்பதற்காகப் படுக்கைப்புண் ஆறிவிடாதே! அந்த வேலைகளை மூத்தவர்களிடம் கொடுத்தால் இளைய சிஸ்டர்கள் வார்டுக்கு மிஞ்சுவார்கள்.

தியாகம், தேவதை என்று எங்களை மேடையில் புகழ்கிறீர்கள். 2018 மே 21 அன்று நிபா காய்ச்சலில் இறந்த பேராம்பிரை லினி சிஸ்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. லினியை மாலை போட்டு வணங்குவதைவிட, இன்னொரு லினியைச் சாகவிடாமல் காப்பதே அவருக்கு நாம் பட்ட கடன். மாஸ்க் கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், மாதம் முடிந்தால் சம்பளம் கொடுங்கள். 2020 மார்ச் 30 முதல் மத்திய அரசு கொண்டுவந்த 50 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸில் ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்திருந்தார்கள். ஆனால் கோவிட் வேலைக்கு அரசு அழைத்தவராக இருக்க வேண்டியிருந்தது. ஆகையால் யாராவது போனில் "சிஸ்டரே, ஒன்று வந்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டால், போங்கள். ஆனால் கையில் ஆர்டர் வாங்கிக்கொண்டு போங்கள்.

பிரிட்டனில் என்ன செய்தார்கள்? அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் நம் ஊரிலும் உண்டு, கேட்டுப் பாருங்கள். 2020 மார்ச் மாதமே சட்டம் போட்டு ஒரு தற்காலிகப் பதிவேடு திறந்தார்கள். சமீபத்தில் தொழிலை விட்ட நர்ஸ்களுக்குக் கட்டணம் இல்லாமல் பதிவு. விருப்பம் இருந்தால் போகலாம், கட்டாயம் இல்லை. நம் நாட்டிலோ தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிந்தவர் கேரளத்தில் ஊசி போட வேண்டுமென்றால் இங்கே மறுபடி பதிய வேண்டும். ஊரடங்கில் களியக்காவிளை எல்லையில் பாஸ் கேட்டு நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் டூட்டியுமாக இருந்தவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இரண்டு சர்க்காரும் எல்லைக் கிராமங்களுக்காவது ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும்: ஆபத்துக் காலத்தில் ஒரு கவுன்சிலின் பதிவு இரண்டு பக்கமும் செல்லும் என்று. பயிற்சிக்கு இடமும் உண்டு: காரக்கோணத்தில் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, பாறசாலையில் தாலுகா ஆஸ்பத்திரி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை எங்களைக் கூப்பிட்டுப் புதிய மெஷினையும் புதிய மருந்தையும் காட்டுங்கள். காய்ச்சல் வந்த பிறகு தேடாதீர்கள்.

பஞ்சாயத்து மெம்பர்மார் முன்வரிசையில் இருக்கிறார்கள், அதனால் இப்போதே ஆரம்பிக்கலாம். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பென்ஷன் ஆன சிஸ்டர்கள் பெயரும், பதிவு எண்ணும், எந்த வார்டில் அதிகம் வேலை பார்த்தீர்கள் என்பதும், உடம்புக்கு என்ன என்பதும் ஒளிக்காமல் எழுதுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் எழுதுங்கள். ஒரு நகல் வெள்ளறடை பஞ்சாயத்துக்கும், ஒரு நகல் கன்னியாகுமரி கலெக்டர் ஆபீசுக்கும் இந்த வாரமே போகும்.